வயிற்றில் பட்ட அடியும் பல வருடம் கழித்து வரும் சர்க்கரையும்

சிங்கப்பூரில் நம்மவர் ஒருவருக்கு நாற்பது வயதில் சர்க்கரை இருப்பது தெரியவந்தால், யாரும் காரணம் தேடிக்கொண்டிருப்பதில்லை. அப்பாவுக்கு இருந்தது, சித்தப்பாவுக்கு இருக்கிறது, இவருக்கும் வந்துவிட்டது. 2010ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் சிங்கப்பூரர்களில் 11.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 17.2 விழுக்காடு. அதனால் நோயாளி, வீட்டார், மருத்துவர் மூவரும் ஒரே முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும்.

ஆனால் அவர் ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு விபத்தில் வயிற்றில் அடிபட்டு, கணையத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவராக இருந்தால்? கணைய அழற்சி என்று ஒரு வாரம் மருத்துவமனையில் கிடந்தவராக இருந்தால்? அப்போது அந்தச் சர்க்கரை வேறு வகையாக இருக்கலாம். அதற்கான மருந்து வேறு, பயப்பட வேண்டிய விஷயம் வேறு. கூடவே செரிமானக் கோளாறும் ஒளிந்திருக்கலாம். தையல் ஆறி, தழும்பும் மங்கிவிட்டபின் அந்தப் பழைய அடியை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. கணையம் மட்டும் அதை மறப்பதில்லை. அடிபட்ட கணையம் பிற்காலத்தில் என்னவெல்லாம் செய்யும், எதைக் கவனிக்க வேண்டும் என்பதை அடிப்படையிலிருந்தே பார்த்துவிடலாம்.

கணையம் எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது

இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பின் மேல் குறுக்காகப் படுத்திருக்கும் உறுப்பு கணையம். சுமார் 15 சென்டிமீட்டர் நீளம், எடை 100 கிராமுக்கும் குறைவு. அதன் தலைப்பகுதி வலப்பக்கம் சிறுகுடலின் தொடக்கம் வளையும் இடத்தில் அடங்கியிருக்கும். வால்பகுதி இடப்பக்கம் மண்ணீரலைத் தொட்டுக்கொண்டிருக்கும். வாழையிலையின் நடுநரம்பைப் போல தலையிலிருந்து வால்வரை நடுவே ஒரு குழாய் ஓடும். இருபுறமும் கிளைகள் வந்து அதில் சேரும். இந்த நடுக்குழாயை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் எல்லாக் கதையும் அதற்கு என்ன ஆனது என்பதைப் பொறுத்ததுதான்.

கணையத்துக்கு இரண்டு வேலை. ஒன்று, நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் அளவுக்குச் செரிமான நீரைச் சுரந்து குடலுக்கு அனுப்புவது. அதிலுள்ள லைபேஸ் கொழுப்பையும், அமைலேஸ் மாவுச்சத்தையும், டிரிப்சின் புரதத்தையும் உடைக்கின்றன. இரண்டு, இன்சுலினையும் குளுகாகானையும் நேராக இரத்தத்தில் விடுவது. இன்சுலின் சர்க்கரையை இறக்கும். குளுகாகான் சர்க்கரை அதிகம் இறங்கிவிட்டால் ஏற்றிவிடும். இவற்றைச் சுரக்கும் செல்கள் சின்னச் சின்னத் திட்டுகளாகச் சிதறியிருக்கின்றன. கணையத்தின் எடையில் அவை ஓரிரண்டு விழுக்காடுதான். ஆனால் வால்பகுதியில் நெருக்கமாக இருக்கின்றன.

இந்த உறுப்புக்கும் சர்க்கரைக்கும் உள்ள தொடர்பு தெரியவந்ததே அதை இழந்த ஓர் உயிரிடமிருந்துதான். 1889இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஆஸ்கர் மின்கோவ்ஸ்கியும் யோசெஃப் ஃபொன் மேரிங்கும் ஒரு நாயின் கணையத்தை முழுவதுமாக எடுத்தார்கள். நாய் அடிக்கடி சிறுநீர் கழித்தது. அந்தச் சிறுநீரில் சர்க்கரை இருந்தது.

அடி எப்படிப் படுகிறது

இவ்வளவு உள்ளே இருக்கும் உறுப்பில் அடிபடுவது அபூர்வம். படும்போது பெரும்பாலும் ஒரே விதத்தில்தான் படுகிறது: முன்னாலிருந்து ஏதோ ஒன்று மேல்வயிற்றை அழுத்த, பின்னால் முதுகெலும்பு நகராமல் நிற்க, நடுவில் கணையம் நசுங்குகிறது. பெரியவர்களுக்கு அது காரின் ஸ்டீயரிங்காகவோ இருக்கைவாராகவோ இருக்கும். லாரியின் பின்தட்டில் உட்கார்ந்து வேலைக்குப் போகும் ஊழியருக்கு எதிரே இருக்கும் இரும்புச் சட்டமாகவோ கருவிப்பெட்டியாகவோ இருக்கலாம். குழந்தைகளுக்கு? சைக்கிள் ஹேண்டில்பார். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவிலோ வீட்டுக்குக் கீழே பூங்கா இணைப்புப் பாதையிலோ வண்டி சாய்ந்து, ஹேண்டில்பாரின் முனை வயிற்றில் குத்தினால் போதும்.

இதில் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பிள்ளை விழுந்தவுடன் அழுவான், கொஞ்ச நேரத்தில் வலி குறையும், எழுந்து விளையாடவும் போவான். பல மணி நேரம் கழித்து, சில சமயம் மறுநாள், வயிற்றுவலியும் வாந்தியும் வரும். வயிற்றில் வட்டமாக ஒரு சிராய்ப்பு இருந்தால் அதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முதல் சில மணி நேரத்தில் அமைலேஸ் இரத்தப் பரிசோதனை இயல்பாக இருக்கலாம், சிடி ஸ்கேனிலும் கணையக் காயம் தெரியாமல் போகலாம். அவசர சிகிச்சைப் பிரிவிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய பிறகும் வலி திரும்பினால், திரும்பப் போக வேண்டும். "நேற்றே பார்த்துவிட்டார்களே" என்று இருந்துவிடக் கூடாது.

விபத்து மட்டும் காரணமில்லை. கணைய அழற்சியும் காயம்தான். கணையம் சுரக்கும் நீரே கணையத்தைத் தின்னத் தொடங்குகிற நிலை அது. பித்தப்பைக் கல், மதுபானம், இரத்தத்தில் மிக உயர்ந்த டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு ஆகியவை அதற்கு முக்கியக் காரணங்கள். விபத்தில் சிக்குகிறவர்களைவிட அழற்சி வந்து படுக்கிறவர்கள் பலமடங்கு அதிகம். அப்புறம், கட்டிக்காகக் கணையத்தில் ஒரு பகுதியை வெட்டியெடுத்தவர்களும் இருக்கிறார்கள். மூவருக்கும் பிற்காலப் பாதை ஏறக்குறைய ஒன்றே.

குழாய் தப்பித்ததா?

அமெரிக்கக் காய அறுவை மருத்துவர்கள் சங்கம் கணையக் காயத்தை ஐந்து படிகளாகப் பிரிக்கிறது. முதல் இரண்டு படிகளில் சதை கன்றியிருக்கும் அல்லது கிழிந்திருக்கும், குழாய் தப்பித்திருக்கும். மூன்றாவதிலிருந்து குழாயும் அடிவாங்கியிருக்கும். மூன்றாம் படியில் வால் பக்கம், நான்காம் படியில் தலைக்கு அருகில், ஐந்தாம் படியில் தலையே சிதைந்த நிலை.

முதல் இரண்டு படிகளில் பெரும்பாலோர் அறுவை சிகிச்சையின்றியே தேறிவிடுகிறார்கள், பிற்காலத் தொல்லையும் குறைவு. குழந்தைகள் விஷயத்தில் இன்னும் ஆறுதலான செய்தி: குணமடைந்த பிள்ளைகளுக்குப் பின்னாளில் சர்க்கரையோ செரிமானக் குறைபாடோ வருவது அபூர்வம். மூன்றாம் படி என்றால் வால்பகுதியை வெட்டியெடுப்பது வழக்கம், சில வேளை மண்ணீரலையும் சேர்த்து. நான்கும் ஐந்தும் பெரிய விவகாரம், பல கட்ட சிகிச்சை.

முதல் வாரங்களில் குழாயிலிருந்து நீர் கசியலாம். கசிந்த நீர் ஓரிடத்தில் தேங்கி, நாலு வாரம் போல ஆகும்போது அதைச் சுற்றி ஒரு சுவர் கட்டிக்கொள்ளும். போலி நீர்க்கட்டி என்பது இதுதான். பல கட்டிகள் தானாகவே வற்றிவிடும். வலி, வாந்தி, காய்ச்சல் என்று தொல்லை கொடுத்தால் எண்டோஸ்கோப்பி வழியாகவே வடித்துவிட முடிகிறது.

இதுவரை சொன்னது மருத்துவமனையில் இருக்கும் காலம். அங்கே கவனிக்க ஆள் உண்டு. இனி சொல்லப்போவது வீட்டுக்கு வந்தபிறகு நடப்பது.

சாப்பாடு உடம்பில் ஒட்டாதபோது

கணையத்திடம் சேமிப்பு நிறைய. லைபேஸ் சுரப்பு இயல்பான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிய பிறகுதான் மலத்தில் கொழுப்பு வெளிப்படையாகத் தெரியும். அதனால்தான் இந்தக் குறைபாடு மாதக்கணக்கில், வருடக்கணக்கில் யாருக்கும் தெரியாமல் இருக்கிறது.

எப்படிக் கண்டுபிடிப்பது? கழிப்பறையில்தான். பேச வெட்கமான விஷயம், ஆனால் இதைப் பேசாததால் பலர் ஆண்டுக்கணக்கில் அவதிப்படுகிறார்கள். மலம் வெளிறி, கொழகொழவென்று, அளவு அதிகமாக இருக்கும். நாற்றம் வழக்கத்தைவிட மோசமாக இருக்கும். தண்ணீரில் மிதக்கும், ஒருமுறை தண்ணீர் விட்டால் போகாது, பீங்கானில் பிசுபிசுவென ஒட்டும். மேலே எண்ணெய்ப் படலம் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். கூடவே வயிறு உப்புசம், சாப்பிட்டதும் ஓடவேண்டிய அவசரம், நன்றாகச் சாப்பிட்டும் எடை இறங்குவது.

இதற்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. ஒரு துளி மலத்தில் எலாஸ்டேஸ் என்ற நொதி எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார்கள். ஒரு கிராமில் 200 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் சந்தேகம், 100க்குக் கீழே இருந்தால் குறைபாடு தீவிரம். மலம் தண்ணீராகப் போகும் நாளில் கொடுத்தால் அளவு தவறாகக் குறைந்து காட்டும்; கொஞ்சம் கெட்டியாக இருக்கும் நாளில் கொடுப்பது நல்லது.

நம் வீடுகளில் இந்த இடத்தில் நடப்பது என்ன? "எண்ணெய் ஆகாது" என்று முடிவுகட்டிவிடுவோம். கஞ்சி, ரசம், அவித்த காய். ஒரு வாரத்துக்குச் சரி. ஆனால் ஆறு மாதமாக ரசம் சாதமே சாப்பிட்டு, எட்டு கிலோ இறங்கி, "இப்பதான் வயிறு அமைதியா இருக்கு" என்று சொல்கிறவர் குணமாகவில்லை, மெலிந்துகொண்டிருக்கிறார். தசை கரைகிறது. கொழுப்போடு சேர்ந்து உடம்பில் ஏறவேண்டிய ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் ஏறுவதில்லை. டி குறைந்தால் எலும்பு தேயும், சின்ன விழுதலுக்கே முறியும். கே குறைந்தால் தொட்ட இடமெல்லாம் கன்றும். ஏ குறைந்தால் இரவில் பார்வை மங்கும். பத்தியம் இருப்பதற்குப் பதிலாக, குறைந்துபோன நொதியை மாத்திரையாகக் கொடுத்துச் சாதாரணச் சாப்பாட்டையே சாப்பிடவைப்பதுதான் இன்றைய மருத்துவம்.

இங்கே பொதுவாகக் கிடைப்பது கிரியான் போன்ற நொதி மாத்திரைகள். பெரியவர்களுக்கு ஒரு முழுச் சாப்பாட்டுக்கு 40,000 முதல் 50,000 அலகு லைபேஸ், நொறுக்குத்தீனிக்கு அதில் பாதி என்று தொடங்குவது வழக்கம். அளவை உங்கள் மருத்துவர் முடிவுசெய்வார். பலர் மாத்திரை வாங்கியும் பலன் இல்லை என்று விட்டுவிடுவதற்குக் காரணம் சாப்பிடும் நேரம். காலையில் வெறும் வயிற்றில் போடும் மாத்திரை இல்லை இது. சோற்றோடு குடலுக்குள் போய்ச் சேரவேண்டியது. தேக்கா உணவங்காடியில் பரோட்டாவும் ஆட்டுக்கறியும் வாங்கி உட்கார்ந்தால், முதல் வாயோடு ஒன்று, பாதியில் இன்னொன்று. மாலையில் பால் தேத்தண்ணியும் வடையும் என்றால் அதற்கும் ஒன்று. வெறும் தேத்தண்ணிக்கும் பழத்துக்கும் வேண்டாம். கடிக்கவோ நொறுக்கவோ கூடாது. விழுங்க முடியாதவர்கள் கேப்ஸ்யூல் கூட்டைத் திறந்து, உள்ளிருக்கும் குருணைகளை ஆப்பிள் கூழில் கலந்து மெல்லாமல் விழுங்கலாம். சூடான பானத்தில் போட்டால் நொதி கெட்டுவிடும்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். இந்த மாத்திரைகளில் இருக்கும் நொதி பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுவது. நம் முஸ்லிம் குடும்பங்களுக்கும் சைவர்களுக்கும் இது சாதாரண விஷயமில்லை. விவரம் தெரிந்து, மருத்துவரிடம் சொல்லாமலேயே மாத்திரையை அலமாரியில் வைத்துவிடுகிறவர்கள்தான் எனக்குக் கவலை. இதே அளவுக்கு வேலை செய்யும் மாற்று மருந்து இப்போது எளிதில் கிடைப்பதில்லை. மாற்று இல்லாத நிலையில் மருந்தாக உட்கொள்ள இடமுண்டு என்று சொல்லும் மார்க்க அறிஞர்கள் பலர் இருக்கிறார்கள்; நீங்கள் நம்பும் உஸ்தாதிடம் கேளுங்கள். முடிவு எதுவானாலும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அவர் அதற்கேற்ப உணவையும் வைட்டமின்களையும் திட்டமிடுவார்.

இந்தச் சர்க்கரை வேறு

கணையத்தில் எவ்வளவு போனால் சர்க்கரை வரும்? 1990இல் வெளிவந்த ஓர் ஆய்வு உறவினருக்குப் பாதிக் கணையத்தைத் தானம் கொடுத்த 28 ஆரோக்கியமானவர்களைப் பின்தொடர்ந்தது. ஓராண்டில் நால்வரில் ஒருவருக்குச் சர்க்கரை தாங்கும் திறன் இயல்பு தவறியிருந்தது. அதாவது பாதி போனாலும் பெரும்பாலோர் தாக்குப்பிடிக்கிறார்கள், ஆனால் எல்லோரும் இல்லை. விபத்துக்கு முன்பே உடல் எடை அதிகம், குடும்பத்தில் சர்க்கரை என்று இருந்தால் அந்தச் சேமிப்பு ஏற்கெனவே குறைவு. நம்மவர்கள் கூடுதலாகக் கவனிக்கவேண்டியதற்கு அதுவே காரணம்.

அழற்சிக்குப் பிறகான நிலை இன்னும் தெளிவாகத் தெரியும். 2014இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, திடீர்க் கணைய அழற்சி வந்தவர்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினருக்கு ஓராண்டுக்குள் நீரிழிவு வந்துவிடுகிறது. ஐந்தாண்டில் அது இன்னும் கூடுகிறது. லேசான அழற்சிதானே என்றும் சும்மா இருக்க முடியாது; அழற்சி எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதால் இந்த விகிதம் பெரிதாக மாறவில்லை.

மருத்துவர்கள் இதை வகை 3சி என்பார்கள். வழக்கமான வகை 2இல் இன்சுலின் இருக்கும், உடம்பு அதற்குக் கட்டுப்படாது. வகை 3சியில் இன்சுலின் சுரக்கும் செல்களே குறைந்துவிட்டன. அவற்றோடு குளுகாகான் சுரக்கும் செல்களும் போயிருக்கும். ஆபத்து இங்கேதான். மருந்தாலோ இன்சுலின் ஊசியாலோ சர்க்கரை சட்டென்று இறங்கும்போது அதைத் தூக்கிவிட ஆள் இல்லை. சாப்பாட்டை உடைக்க நொதியும் போதாது என்றால், சாப்பிட்ட சோறு எப்போது சர்க்கரையாக இரத்தத்தில் ஏறும் என்றே சொல்ல முடியாது. மில்லிமோல் கணக்கில் காலையில் 15, மதியம் 3.5 என்று ஏறி இறங்கும். "பத்தியம் இல்லாமல் சாப்பிடுகிறார்" என்று வீட்டில் திட்டு விழும். அவர் மேல் தவறு இருக்காது.

இதை வகை 2 என்று எழுதிவிட்டால் என்ன கெட்டுப்போகும்? மருந்துத் தேர்வு மாறும். மெட்ஃபார்மின் லேசான நிலையில் இருவகைக்கும் கொடுக்கப்படுவதுதான். ஆனால் வகை 2க்கு இப்போது பரவலாகத் தரப்படும் சில மருந்துகளை, எடை குறைப்பதற்காகப் பேசப்படும் ஊசிகள் உட்பட, கணைய அழற்சி வந்தவர்களுக்குத் தர மருத்துவர்கள் தயங்குவார்கள். இன்சுலின் பலருக்குச் சீக்கிரமே தேவைப்படும். அதோடு, மெட்ஃபார்மின் எடுப்பவருக்கு வயிற்றுப்போக்கு வந்தால் மாத்திரையின் பக்கவிளைவு என்றே எடுத்துக்கொள்ளப்படும். நொதிக் குறைபாடு அதற்குப் பின்னால் மறைந்துகொள்ளும்.

இந்தத் தவறு எவ்வளவு சாதாரணம் என்பதற்கு ஒரு கணக்கு. 2017இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், கணைய நோய்க்குப் பிறகு நீரிழிவு வந்தவர்களில் 87.8 விழுக்காட்டினருக்கு வகை 2 என்று பதிவாகியிருந்தது. வகை 3சி என்று சரியாகப் பதிவானவர்கள் 2.7 விழுக்காடுதான். வகை 2 இவ்வளவு பரவலாக இருக்கும் நம் சமூகத்தில், இப்படிக் கலந்துபோவது இன்னும் சுலபம்.

எனவே கணைய அழற்சி வந்தவர்கள் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் ஒருமுறை, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை சர்க்கரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வழிகாட்டுதல். கணையத்தில் காயப்பட்டவர்களும் வெட்டியெடுத்தவர்களும் அதையே பின்பற்றலாம் என்பது என் கருத்து. ஒரு சின்ன நுணுக்கம்: விபத்தில் இரத்தம் ஏற்றியிருந்தால் மூன்று மாத சராசரியான எச்பிஏ1சி தவறாகக் குறைந்து காட்டலாம். மண்ணீரலை எடுத்தவர்களுக்குத் தவறாகக் கூடிக் காட்டலாம். இரண்டில் எது நடந்திருந்தாலும் வெறும்வயிற்றுச் சர்க்கரையையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்சுலின் எடுப்பவர்கள் விரதம் பற்றி முன்கூட்டியே பேசிவிடவேண்டும். தைப்பூசத்துக்குச் சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு கோயில்வரை பால்குடம் எடுத்து நடப்பவரும், ரமலான் நோன்பு பிடிப்பவரும் வகை 3சிக்காரராக இருந்தால், வெறும் வயிற்றில் சர்க்கரை இறங்குவது மற்றவர்களைவிட வேகமாகவும் ஆழமாகவும் இருக்கலாம். அளவு 4க்குக் கீழே போனால், நடுக்கமோ வியர்வையோ குழப்பமோ வந்தால், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்கவேண்டும். விரதம் முறிந்தால் முறியட்டும்.

வலி, மண்ணீரல், இன்னும் சில

குழாய் ஆறும்போது தழும்பு விழுந்து ஒரு இடத்தில் குறுகிவிடலாம். குறுகிய இடத்துக்குப் பின்னால் நீர் தேங்கி, அந்தப் பகுதி மெல்ல மெல்லச் சுருங்கிப்போகும். விபத்து நடந்து வருடங்கள் கழித்து, சாப்பிட்டதும் மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும் வலி வந்தால் இதை நினைக்கவேண்டும். வாயுப்பிடிப்பு என்று தைலம் தேய்த்துக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. எம்ஆர்சிபி என்ற ஸ்கேன் குழாயைக் காட்டிவிடும். எண்டோஸ்கோப்பியில் ஸ்டென்ட் என்ற சின்னக் குழாய் வைத்து விரிக்கலாம்.

கணையத்தை ஒட்டி ஓடும் மண்ணீரல் சிரை அடைபட்டுப் போவது இன்னொரு சிக்கல். அடைபட்டால் இரைப்பையின் சுவரில் இரத்தக்குழாய்கள் புடைத்துக்கொள்ளும். இரத்த வாந்தியோ தார் போலக் கறுத்த மலமோ வந்தால் உடனே ஆம்புலன்ஸுக்கு 995.

மண்ணீரலை எடுத்தவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. சில கிருமிகளைப் பிடித்து அழிப்பது மண்ணீரலின் வேலை. அது இல்லாதவருக்குச் சாதாரணமாகத் தொடங்கும் காய்ச்சல் சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கும் அளவுக்குப் போகலாம். நிமோகாக்கல், மெனிங்கோகாக்கல், ஹிப் தடுப்பூசிகளும் ஆண்டுதோறும் ஃப்ளூ ஊசியும் அவசியம். காய்ச்சல் 38ஐத் தாண்டினால் பனடோல் போட்டுக்கொண்டு விடியட்டும் என்று காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், "எனக்கு மண்ணீரல் இல்லை" என்று முதலில் சொல்லவேண்டும். நாய் கடித்தாலும், பிராண்டினாலும் அப்படியே. மலேரியா இருக்கும் இடத்துக்குப் பயணம் என்றால் கிளம்பும் முன்பே மருத்துவரைப் பார்த்து மாத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். மண்ணீரல் இல்லாதவருக்கு மலேரியா கடுமையாகத் தாக்கும்.

மதுவும் புகையும் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இரண்டையும் விட்டுவிடவேண்டும். சிகரெட் நுரையீரலை மட்டும் கெடுப்பதாக நினைப்போம். நாட்பட்ட கணைய அழற்சிக்கு அது தனியாகவே ஒரு காரணம்.

கையில் இருக்கவேண்டிய ஒரு தாள்

பலதுறை மருந்தகத்தில் ஒவ்வொரு முறையும் வேறு மருத்துவரைப் பார்க்க நேரலாம். ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் பதிந்திருந்தால் ஒரே குடும்ப மருத்துவர் இருப்பார். முதல் சந்திப்பிலேயே கணையக் கதையைச் சொல்லிவிடுங்கள். சர்க்கரைக்கான சிகிச்சைக்கு மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்பு பயன்படும். "வயித்துல ஏதோ ஆபரேஷன்" என்று சொன்னால் போதாது. எந்தப் பகுதி, எவ்வளவு எடுத்தார்கள், குழாய் அறுந்ததா, மண்ணீரல் இருக்கிறதா, உள்ளே வைத்த ஸ்டென்ட் எதுவும் இன்னும் எடுக்கப்படாமல் இருக்கிறதா, எந்தத் தடுப்பூசி எப்போது போட்டது. இவ்வளவும் ஒரு தாளில் இருக்கவேண்டும். மருத்துவமனையிலிருந்து வெளிவரும்போது தரும் சுருக்க அறிக்கையோடு அறுவை சிகிச்சைக் குறிப்பையும் கேட்டு வாங்கலாம். ஸ்டென்டை எடுக்கவேண்டிய தேதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அது அடைத்துக்கொண்டு புதிதாக அழற்சி வந்து படுக்கும்போதுதான் நினைவுக்கு வருகிறது.

ஊரிலிருந்து வேலைக்கு வந்திருக்கும் தம்பிமார்களுக்கு இந்தத் தாள் இன்னும் முக்கியம். வேலையில் நடந்த விபத்தும், முதலாளி ஏற்பாடு செய்த வாகனத்தில் வேலைக்குப் போய்வரும்போது நடந்த விபத்தும் வேலைக் காய இழப்பீட்டுச் சட்டத்துக்குள் வரும். விபத்து நடந்த ஓராண்டுக்குள் இழப்பீடு கோரவேண்டும். மருத்துவச் செலவும் அந்த ஓராண்டுக்குள், ஒரு உச்சவரம்புக்குள்தான். கணையம் காட்டும் தொல்லைகளோ அந்த ஓராண்டைத் தாண்டியும் வரக்கூடியவை. அதனால் நிரந்தரப் பாதிப்பு எவ்வளவு என்று மருத்துவர் மதிப்பிடும் முன்பே, சர்க்கரையும் எலாஸ்டேஸும் பார்த்தாகிவிட்டதா என்று கேளுங்கள். காயம் ஆறிவிட்டது என்பதை மட்டும் வைத்து மதிப்பீடு முடிந்துவிடக் கூடாது. தமிழில் சொல்லத்தான் வரும் என்றால் மொழிபெயர்க்க ஆள் கேட்க வெட்கப்படாதீர்கள்.

ஊருக்குத் திரும்பிப் போகும்போது ஒரு விஷயம். சிங்கப்பூர் அறிக்கையில் சர்க்கரை அளவு மில்லிமோல் கணக்கில் இருக்கும், ஊரில் மில்லிகிராம் கணக்கு. இங்கே வெறும்வயிற்றில் 7.0 என்றிருந்தால் நீரிழிவு என்று பொருள். அந்த எண்ணை அப்படியே சொன்னால் ஊர் மருத்துவருக்குக் குழப்பம்தான் வரும். 18ஆல் பெருக்கி, 126 என்று பக்கத்திலேயே எழுதி எடுத்துப்போங்கள்.